வேம்பு பாவாடை நாடாவை உயர்த்திக் கட்டினாள்

நேரு வீதித் துணிக்கடை ஒன்றின் மாடியில், பட்டுப்புடவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தவள் வேம்பு. வாங்க வந்தவர்கள் முடிவெடுக்காமல் நின்றால், பேசிக்கொண்டிருக்க மாட்டாள். புடவையைத் தன் மேலேயே சுற்றிக் காட்டிவிடுவாள்.

போன மாசியில் வயிறு உப்பி, வாந்தி நிற்காமல் போகவே கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெருங்குடலைக் கட்டி அடைத்திருந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை. கண் விழித்தபோது தொப்புளுக்கு இடப்பக்கம் சற்றுக் கீழே குடலின் நுனியை வெளியே எடுத்துத் தைத்திருந்தார்கள். அதைச் சுற்றி ஒரு தகடு, தகட்டில் ஒரு பை. இனி மலம் அந்த வழியாகத்தான் என்றும், பழையபடி இணைக்க முடியாது என்றும் டாக்டர் சொன்னார்.

பத்து நாள் வேம்பு அந்தப் பக்கம் குனிந்தே பார்க்கவில்லை. கணவர் முருகையன்தான் பையை மாற்றினார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருப்பவர். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பதினோராம் நாள் அவர் டியூட்டிக்குப் போன பிறகு தகடு பெயர்ந்துகொண்டது. வீட்டில் வேறு யாருமில்லை. வேம்பு கைக்கண்ணாடியைக் குளியலறைக் குழாய்மேல் சாய்த்து வைத்து, முதல்முறையாக அதை நேராகப் பார்த்தாள். சிவப்பாக, ஈரமாக, பிஞ்சுத் தக்காளி அளவுக்கு இருந்தது. இரண்டு தகடு வீணாகி, மூன்றாவது ஒட்டியது. முக்கால் மணி நேரம் பிடித்தது.

சாயங்காலம் முருகையனிடம், "இனிமே நீங்க தொடவேணாம். நானே பாத்துக்கறேன்" என்றாள்.

மாற்றக் கற்றுக்கொண்டாளே தவிர, எரிச்சல் விடவில்லை. சுற்றியிருந்த தோல் மிளகாய் அரைத்துப் பூசியது போலக் காந்தியது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை பாவாடை நாடா. அது இறுகும் இடமும் குடல் வெளியே வந்த இடமும் ஒன்றாக இருந்தன. நாடா அழுத்தினால் பைக்குள் இறங்க வேண்டியது இறங்காமல் தகட்டுக்கு அடியில் கசிந்தது. வீட்டில் நைட்டியோடு சமாளித்தாள். கடையில் பெண்களுக்குப் புடவைதான் சீருடை.

"வேலைய விட்டுடேன். நான் சம்பாதிக்கறது போதாதா?" என்றார் முருகையன்.

"வேலைய விட்டா மட்டும் ஆச்சா? ஒரு கல்யாணத்துக்குப் போவணும்னாகூட பாவாட கட்டித்தானே ஆவணும்?"

ஆஸ்பத்திரியில் பை மாட்டுவதைச் சொல்லித்தரும் நர்ஸ் மாலா, தோலைப் பார்த்ததும் அளவு அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"ஆபரேசன் ஆனப்போ இருந்த வீக்கம் இப்ப வத்திப்போச்சுக்கா. நீங்க இன்னும் பழைய அளவுக்கே தகட்டுல ஓட்ட வெட்டுறீங்க. ஓரத்துல இடைவெளி விழுது, அதான் தோல் வெந்துபோவுது. புது அளவு குறிச்சித் தரேன்."

"சரி, நாடாவுக்கு என்ன பண்றது?"

"கீழ கட்டாதீங்க, அதுக்கு மேல கட்டிப் பாருங்க."

வழக்கமான பாவாடையை அத்தனை உயரத்தில் கட்டினால் கெண்டைக்கால் தெரியும். வேம்பு ஆறு அங்குலம் நீளம் கூட்டி, நாடாவுக்குப் பதில் நாலு விரல் அகலப் பட்டி வைத்துத் தைத்தாள். விலாவுக்குக் கீழே கட்டினாள். கொசுவம் மேலேறி, முதல்நாள் மூட்டை கட்டியது போல இருந்தது. அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். கட்டி திரும்ப வராமலிருக்க மருந்து ஏற்றிக்கொண்ட மாதங்களில், உடம்பு எழுந்து நிற்கவிட்ட நாளெல்லாம் பீரோக் கண்ணாடி முன் இதுவே வேலை. முந்தானையை எங்கே தழையவிட்டால் பை தெரியாது என்பது ஒருவழியாகப் பிடிபட்டது.

ஆவணியில் கடைக்குப் போனாள். மேனேஜர் கோவிந்தசாமி, "பில் போடுற எடத்துல உக்காந்துக்கம்மா" என்றார்.

"உக்காந்தா வயிறு மடிஞ்சி அழுத்துது சார். நின்னாதான் எனக்கு நல்லது. பாத்ரூம் சாவி ஒன்னு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

"எதுக்கு?"

சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு தன் கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது வயிற்றோரம் வெதுவெதுப்பாக நனைந்தது. வேம்பு பட்டு மேல் படாமல் அவிழ்த்து மேஜையில் வைத்தாள். "கொஞ்சம் பாத்துனு இருங்க, வந்துட்டேன்" என்று போனாள். குளியலறையில் அழுகை வந்தது. அழுதபடியே துடைத்து, தோலை உலர்த்தி, கைப்பையில் இருந்த மாற்றுத் தகட்டை ஒட்டினாள். இப்போது பதினைந்து நிமிஷம்தான் ஆனது. திரும்பிவந்தபோது அவர்கள் இன்னும் அரக்கா பச்சையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சையை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். அதையே வாங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு தரம் கசிந்தது. புழுக்கமான நாளில் வியர்வையில் தகடு இளகும் என்று தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் காலையிலேயே மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வாயு சேர்ந்து பை உப்பும் என்று வேலை நாளில் முட்டைக்கோஸைத் தொடுவதில்லை.

தீபாவளி வாரம் படி முழுக்கக் கூட்டம். வேம்பு ஒருநாள்கூட லீவு போடாமல் நின்றாள்.