அரியாலை நரிக்கு வக்காலத்து

கொக்குவில் செல்வநாயகிக்கு ஓநாயை ஆராயத்தான் ஆசை. இலங்கையில் ஓநாய் கிடையாது என்பது விலங்கியல் படித்தவளுக்குத் தெரியாதா? ஓநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி அரியாலைப் பற்றைக் காட்டுக்குள் இருக்கும்போது கடல் கடந்து போவானேன் என்று நரியைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்து நாலிலிருந்து விடிய வெள்ளன சைக்கிளில் அரியாலைக்குப் போவதும், பிறகு கம்பசில் வகுப்பெடுப்பதும்தான் அவள் சீவியம்.

என்ன தின்றாய் என்று நரியிடம் கேட்க முடியாதே. அதன் எச்சத்தைப் பொறுக்கி, காயவைத்து, பிரித்துத்தான் பார்க்கவேண்டும். வழியில் காவலரணில் சோதனைக்கென்று அவளுடைய பையை ஒருமுறை திறந்தவர்கள் மறுமுறை கிட்டவும் வரவில்லை. வீட்டு முற்றத்தில் தாய் மீனாம்பிகை பனம்பழக் களியைப் பனாட்டுக்குக் காயப்போட்ட பாய்க்குப் பக்கத்திலேயே மகளின் சுளகும் காய்ந்தது.

"எடி, உன்ரை வயசுக்காரியள் பிள்ளை குட்டியோடை இருக்கினம். நீ நரிப்பீயோடை இருக்கிறாய்."

"நரிக்கும் நாலு குட்டி இருக்கணை" என்பாள் செல்வநாயகி.

அந்த நாலுக்கும் எண்பத்தாறு ஆவணியில் ஆபத்து வந்தது. பற்றை வளவு தோட்டக்காரர் தம்பிராசாவுடையது. பதினொரு கோழியைப் பறிகொடுத்த மனிசன், இறைச்சியில் பூச்சிமருந்து கலந்து வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மச்சம் மாமிசம் தொடாத வீடு என்பதால் சனிக்கிழமை வரை தவணை கிடைத்தது.

செல்வநாயகி லீவு போட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்த நாற்பத்தொரு எச்சத்தையும் பிரித்தாள். நண்டு ஓடு, எலிமயிர், பனம்பழத் தும்பு. எல்லாம் நரிக்குச் சாதகமான சாட்சிகள். ஆனால் இரண்டில் கோழி இறகு.

"உந்த ரெண்டையும் எறிஞ்சுபோட்டுப் போ. ஆர் பாக்கப்போகினம்?" என்றாள் தாய்.

கை துருதுருத்ததுதான். ஆனால் ஒருமுறை எறிந்தால் பிறகு தான் எழுதுவதைத் தானே நம்பமுடியாது என்று பயந்தாள். நாற்பத்தொன்றையும் கடுதாசியில் சரை சரையாகச் சுற்றி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை தம்பிராசாவிடம் போனாள்.

அவர் நண்டோட்டையும் எலிமயிரையும் அசட்டையாகப் பார்த்தார். "அப்ப என்ரை கோழி?"

"ரெண்டிலை இறகு இருக்கண்ணை. ஒண்டு ரெண்டு இது திண்டிருக்கும். மிச்சம் நாயோ மரநாயோ, எனக்குத் தெரியாது."

"பாத்தீரோ, நீரே சொல்லிப்போட்டீர்!" என்று அவர் மருந்துப் போத்தலை எடுக்க எழும்பினார். செல்வநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லப் போய்க் குட்டிகளைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்தாள்.

கோழி வளர்த்தது தம்பிராசா அல்ல, அவர் மனைவி நாகேஸ்வரி. அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள், "பிள்ளை, அந்த நரிக்குக் குட்டியும் இருக்கோ?" என்றாள்.

"நாலு அக்கா. இன்னும் பால்குடி."

நாகேஸ்வரி புருசன் பக்கம் திரும்பினாள். "பிள்ளை பெத்தவளுக்குச் சரக்குக்கறி காய்ச்ச ரெண்டு கோழி கூடிப்போச்சோ? எங்கடை மூத்தவளுக்கு நான் ஆறு அடிச்சனான். போத்தலை வையுங்கோ."

தம்பிராசா வைத்தார்.

அந்த வருட ஆராய்ச்சிக் கட்டுரையில், குட்டிகள் நாலும் பிழைத்ததற்குக் காரணம் எழுதவேண்டிய இடத்தில் செல்வநாயகி பேனையோடு கனநேரம் இருந்தாள். கடைசியில் 'வளவுக்காரி நாகேஸ்வரி' என்று எழுதினாள்.