கொல்லைக் கதவருகே வந்த தையல் மெஷின்

தையல்காரிக்கும் அவள் ஓரகத்திக்கும் வீடு இரண்டு, கொல்லை ஒன்று. மாமனார் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் நடுவே சுவர் எழுப்பிப் பங்கு பிரித்தார்கள். சுவர் கொல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் செங்கல் தீர்ந்துவிட்டது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போயும் அந்த அப்புறம் வரவில்லை.

ஆகவே கோழிகள் மூத்தவளான தையல்காரியுடையவை என்றாலும், மேய்ந்தது என்னவோ இரண்டு பேர் வாசலிலும்தான்.

நாலு அண்ணன்மாருக்குப் பின் பிறந்த கடைக்குட்டி அவள். கேட்டதெல்லாம் கைக்கு வந்து பழகியவள். புகுந்த வீட்டிலும் கொஞ்ச காலம் ஒற்றை மருமகளாக ராஜ்யம் பண்ணினாள். பிறகு இளையவள் வந்தாள். வந்த புதிதில் மாமியார் ஒருநாள், "சின்னவ கை பட்டா அழுக்குத் துணிகூடப் பளிச்சுனு ஆயிடுது" என்று சொல்லித் தொலைத்தாள். மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அந்தச் சொல் மட்டும் போகாமல் மூத்தவள் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

கோழிகளில் அவளுக்கு உயிர் சீமாட்டிதான். செவலை நிறம், நடையில் ஒரு மிடுக்கு. குஞ்சாக இருந்தபோது காக்கை கொத்தித் தூக்கப் பார்த்தது. மூத்தவள் கையிலிருந்த கத்தரிக்கோலையே வீசி விரட்டினாள். காயத்துக்கு மருந்து போட்டு, வெட்டுத்துணிக் கூடையில் வைத்துத் தேற்றினாள். வளர்ந்த பிறகும் சீமாட்டி அந்தக் கூடையில்தான் முட்டையிடும். கூடை இருந்தது கொல்லைக் கதவுக்குப் பின்னால், இருட்டு மூலையில். தையல் மெஷின் முன்னறையில், தெரு ஜன்னலோரம். கோழி கேறிக்கொண்டே உள்ளே நுழைவது காதில் விழுந்ததும், "வாங்க மகாராணி!" என்று மெஷினை மிதித்தபடியே குரல் கொடுப்பாள்.

இளையவளுக்கு ரொட்டிக்கடையில் வேலை. மதியம் வீட்டுக்கு வந்ததும் பின்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் மூத்தவள் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றாள். இளையவள் மடியில் சீமாட்டி, கண்ணைப் பாதி மூடிச் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"என்ன, ரொட்டி போட்டு மயக்கிட்டியா?"

"ஐயே, வெறுங்கையோடதான் வந்தேன்க்கா. அதுவா ஏறி உக்காந்துச்சு."

"என் மடியில ஒரு நாளும் உக்காந்ததில்ல."

"நீங்க எங்கக்கா சும்மா உக்காருறீங்க, அது உக்கார?"

இளையவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புத்தான் மூத்தவளைச் சுட்டது. வயிறு பற்றிக்கொண்டு எரிய, அன்று சாயங்காலமே புருஷனைப் பிடித்து மெஷினைக் கொல்லைக் கதவோரம் நகர்த்தச் சொன்னாள். அவர் பஸ் டிரைவர். எதையும் கண்ணாடியில் பார்த்தே புரிந்துகொள்கிறவர்.

"இத்தனை வருஷமா முன்னாடி இருந்த வெளிச்சம் எங்க போச்சு?"

"எனக்கு வயசாகல? கண்ணுக்கு இந்த வெளிச்சம் வேணும்."

"கண்ணுக்குத்தான் வேணும். அது தெரியுது" என்று அவர் மெஷினைத் தள்ளினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு கண் துணியில், ஒரு கண் இளையவள் வாசலில். டீச்சருடைய சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தைத்துவிட்டாள். "ஏங்க, எனக்கு ரெண்டுமே இடது கையா?" என்று டீச்சர் கேட்டுவிட்டுப் போனாள்.

சீமாட்டியோ கதவு வரைக்கும் வரும். கழுத்தை நீட்டிப் பார்க்கும். திரும்பிப் போய்விடும். இளையவள் வீட்டு மூலையில் கிடந்த காலி மாவுச் சாக்குதான் இப்போது அதற்கு முட்டையிடும் இடம். இளையவள் ஒவ்வொரு முட்டையையும் ஒழுங்காகக் கொண்டுவந்து நீட்டுவாள்.

"கோழியே உன்னோடதா ஆயிடுச்சு. முட்டை மட்டும் எனக்கெதுக்கு, நீயே வச்சுக்க!"

அந்த முட்டைகள் சாக்கிலேயே சேர்ந்தன. சீமாட்டி அவற்றின் மேல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. மூத்தவளுக்குத் தூக்கம் போயிற்று. குஞ்சு எந்த வாசலில் பொரிக்கிறதோ அதுதான் குஞ்சுக்கு வீடு. தாயும் அங்கேயே தங்கிவிட்டால் பிறகு அது யார் கோழி?

இளையவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கோழியையும் முட்டைகளையும் தூக்கிவந்து தன் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்தாள். நிம்மதியாக மெஷினில் உட்கார்ந்து மிதித்தாள். உள்ளே படபடவென்று இறக்கை அடித்தது. நிறுத்தினாள், அடங்கியது. மிதித்தாள், மறுபடி அடித்தது. "சக்" என்று ஒரு முட்டை உடைந்தது. பதறிப்போய் மேல்கூடையை எடுத்தாள். சீமாட்டி அவள் தோள் மேலேயே மிதித்துப் பறந்து, நேரே மாவுச் சாக்குக்குப் போய்விட்டது.

கையில் வழியும் முட்டையோடு நின்றவள் எதிரே, வேலை முடிந்து திரும்பிய இளையவள் வந்து நின்றாள்.

"அக்கா, அது முட்டை போட வர்றது என்னைத் தேடியில்ல. இந்த மெஷினுக்குப் பயந்துதான் வருது. நீங்க இதை இங்க நகர்த்தின பிறகுதான் என் சாக்குல முட்டை போட ஆரம்பிச்சுது."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"சொன்னா மெஷினை முன்னாடி கொண்டுபோயிடுவீங்க. கோழியும் போயிடும். உங்களுக்குத்தான் எல்லாம் இருக்கே. தெருவே வந்து 'அக்கா அக்கா'ங்குது. என்னை யாரு தேடி வர்றா? ஒரு கோழியாவது வரட்டும்னு இருந்துட்டேன்."

"என்னைப் பாத்தா உனக்குப் பொறாமை?"

"பின்ன? வந்த நாள்லேருந்து."

மூத்தவளுக்கு எரிந்த வயிற்றில் யாரோ பால் வார்த்தது போல் இருந்தது. மீதி முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு தானே போய்ச் சீமாட்டிக்கு அடியில் வைத்தாள். மெஷின் பழைய ஜன்னலுக்கே போனது. "இந்தத் தடவை எந்தக் கண்ணுக்கு?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார் டிரைவர்.

குஞ்சுகள் பொரித்து, வளர்ந்து, தாயை விட்டுப் பிரிந்து மேயத் தொடங்கின. ஒருநாள் மூத்தவள் முன்னறையில் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது கொல்லையிலிருந்து இளையவள் கூவினாள்:

"அக்கா! மகாராணி உங்க கூடைக்கே வந்துட்டா!"

மூத்தவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது. சீமாட்டி திரும்பி வந்ததையும் இளையவள்தானே முதலில் பார்த்திருக்கிறாள்! ஊசி விரலில் ஏறியது.