கேரவனுக்குள் இருந்து தட்டியது யார்?

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் வேலை இருக்கிறது என்று எழுந்துபோய்விடுகிற ஆள் நான். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக்கடை வைத்திருப்பவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் சிரிக்காமல் இருந்தால் போதும்.

போன வருஷம் ஒரு பழைய கேரவன் வாங்கினேன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை என்று. பேட்டரி செத்தது, பம்ப் அடைத்தது, அதையெல்லாம் சரிசெய்து நிமிர்ந்தால் கூரை ஒழுகியது. கூரை ஒழுகுவது தெரிந்த நாளுக்கு மறுநாள் காலையில் என் மனைவி கலாவும் இரண்டு பிள்ளைகளும் அதில் போனக்காடு மலைக்குப் போய்த் தங்குவதாக ஏற்பாடு. என் மச்சினன் சரவணன்தான் ஓட்டிப்போகவேண்டும்.

ஒழுக்கு கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. நான் ஏணியில் நின்று கூரைமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்த் தண்ணீர் விடுவேன். சரவணன் உள்ளே இருந்துகொண்டு சொட்டு விழுகிற இடத்துக்கு நேரே சுவரில் தட்டுவான். தட்டின இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் கரமனையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வண்டிமேல் ஏணியைச் சாத்திக்கொண்டு, “லேய், உள்ளயா இருக்க?” என்று கேட்டேன். டொக் என்று ஒரு தட்டு. சரி, இருக்கிறான். தண்ணீர் விட்டேன். கட்டில் பக்கம் தட்டு, ஜன்னலுக்கு மேலே தட்டு, நானும் கோடு போட்டுக்கொண்டே போனேன். குழாயை மூடி இறங்கின பிறகும் தட்டு நிற்கவில்லை. அடுப்பு இருக்கிற பக்கம், கீழே, முழங்கால் உயரத்தில், விடாமல். விளையாடுகிறானே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“போதும்லே, வெளிய வா!” என்று கத்தினேன். சரவணன் தெருவிலிருந்து வாசல் கேட்டுக்குள் நுழைகிறான், கையில் பசை டப்பா.

“அத்தான், ஒத்தைக்கா வேலைய தொடங்கியாச்சு?”

“நீ உள்ள இல்லியாலே?”

“நான் பசை வாங்கப் போனேம்லா. வண்டி பூட்டித்தான் கெடக்கு, தாக்கோல் இன்னா” என்று சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினான்.

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஒழுக்கு மட்டும் நான் கோடு போட்ட இடங்களிலேயே இருந்தது. அடுப்புக்குக் கீழே சரவணன் டார்ச் அடித்தான். கேஸ் டியூபை எலி கடித்திருந்தது. சோப்பு நுரை தடவி சிலிண்டரைத் திறந்தோம், குபுகுபுவென்று குமிழ் வந்தது. ஜன்னலை மூடிக்கொண்டு பிள்ளைகள் தூங்கியிருந்தால் என்று நினைத்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். டியூபை மாற்றின பிறகுதான் அனுப்பினேன், சுகமாகப் போய்வந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் சாமி காப்பாற்றியது என்று பழவங்காடி கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மறந்திருப்பேன். நேற்று நல்ல வெயிலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி தட்டு. இந்த முறை டிரைவர் சீட்டுப் பக்கம்.

பிரேக், ஸ்டியரிங், டயர், எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை சரவணன், பொண்டாட்டி பிள்ளையோடு வண்டியில் ஊருக்குப் போகக் கிளம்பி வந்து நின்றான். பேட்டரி சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.