குருபோங்குக்குப் போன இரண்டு புட்டி கறுப்புப் பொடி

தொண்ணூறுகளின் கடைசியில் கோலாலம்பூரில், எங்கள் பேச்சில் கேயல், ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். லித்தியம் இருக்க சோடியத்தில் பாட்டரியா என்று என் ஆராய்ச்சியைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் பேராசிரியரும் தமிழர்தான்; அவரும் சிரித்தார். "காத்துப் பட்டாலே கெட்டுப்போற பொடிய வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற? திங்கக்கிழமைக்குள்ள தாங்குதுன்னு காட்டு. இல்லாட்டி லித்தியத்துக்கு மாறிடு." மாறுவதா, நானா?

பாட்டரியின் நேர்மின்முனைக்கான பொடி அது. சோடியமும் மாங்கனீசு ஆக்சைடும் அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகளுக்குள் ஈரம் புகுந்தால் போச்சு. மாங்கனீசில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு நிக்கல் சேர்த்தால் தாங்கும் என்பது என் பிடிவாதம். நிக்கல் சேர்த்தது ஒரு புட்டி, சேர்க்காதது ஒரு புட்டி. அடுக்குகளின் இடைவெளியைக் கோடாகக் காட்டும் எக்ஸ்ரே படம் எடுத்து, மெழுகால் அடைத்தேன். அதோடு பல்கலைக்கழகக் கருவி படுத்துக்கொண்டது. என் பள்ளித்தோழி ராணி மலாக்காவில், குருபோங்கில், தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் அதே மாதிரிக் கருவியை இயக்கினாள். ஞாயிறு காலை வரச் சொன்னாள். அங்கே புட்டிகளை ஒரு மணி நேரம் திறந்து வைத்து மறுபடி படம் எடுப்பது திட்டம்.

சனி மதியம் பஸ் ஏறினேன். நூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஏழு வெள்ளிக்குள், அதாவது ஏழு ரிங்கிட்டுக்குள், டிக்கெட். மலாக்கா பஸ் நிலையத்தில் டாக்சிக்கார நானா, தமிழ் முஸ்லிம் அண்ணன், குருபோங்குக்குப் பன்னிரண்டு வெள்ளி கேட்டார். "பத்துதான் நானா, நான் இதே மலாக்கா, செலண்டார்க்காரி லா" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார்.

குருபோங்கில் சித்தி வீட்டில் தங்கல். பையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் குளியலறைப் பக்கம் போனால், என் புட்டிகள் இரண்டும் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வாய் திறந்து நிற்கின்றன. சித்தப்பா நனைந்த விரலோடு ஒன்றை எடுக்கிறார்.

"ஐயோ சித்தப்பா, தொடாதீங்க!"

"ஏம்மா, கரிப் பல்பொடி இல்லையா? உங்க சித்திதான் ராத்திரியே தொறந்து வச்சா. கேயல்லேர்ந்து நீ எனக்கு வாங்கிட்டு வந்திருக்கன்னு சொன்னா."

யாரைத் திட்டுவது? ராத்திரி முழுக்க அந்த ஈரத்தில்! சித்தி பாவம், முந்தானையால் புட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

"எல்லாம் கெட்டிருக்கும்டி" என்றேன், தொழிற்சாலையில் ராணியிடம்.

"கெட்டதையும் பார்த்துட்டுப் போ லா. நான் லீவ் நாள்ல வந்திருக்கேன்" என்றாள்.

பார்த்தோம். நிக்கல் இல்லாத பொடியின் கோடு இடம்மாறிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. நிக்கல் சேர்த்ததன் கோடு பழைய படத்தில் இருந்த அதே இடத்தில் நின்றது. கத்தினேன். ராணி என் வாயைப் பொத்தினாள்.

இப்படிப் பொடி தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு: என்னைப் போல வேதியியல் குறியீட்டை ஒட்டினால் மட்டும் போதாது. விஷம் என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதுங்கள். பையை யாரிடமும் கொடுக்காதீர்கள், சித்தியிடம்கூட. ஞாயிறு மாலை பஸ்ஸில் கூட்டம் நெரியும், டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

திங்கள் காலை படங்களைப் பேராசிரியர் மேசையில் விரித்தேன். "சித்தி வீட்டுக் குளியலறையெல்லாம் ஆராய்ச்சியாம்மா? எவன் ஒத்துக்குவான்?" என்றார்.

"அப்ப நீங்களே ஒரு ரூம் காட்டுங்க சார். அதவிட ஈரமா இருக்கணும்" என்றேன்.