துண்டுகளைச் சேர்த்தவர்

செல்லூரில் எங்கள் ஜவுளி அலுவலகத்து சர்வரை அணைத்தது கணக்கு எழுதும் பெண்தான் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். அவள் வேலை தப்ப, சர்வர் தன் நடப்பைத் தானே குறித்துவைக்கும் பதிவான லாக் சாட்சி சொல்ல வேண்டும். அதில் தேடினாலோ திரை அசையாமல் நின்றது.

சரிசெய்ய வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“லாக் அம்புட்டும் டிஸ்க்குல துண்டு துண்டாச் சிதறிக் கெடக்குண்ணே. ஒரு வரி எடுக்க ஊரையே சுத்துது.”

துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்ததும் விடை உடனே வந்தது. சர்வர் சூடேறித் தானாகவே அணைந்திருக்கிறது.

“லாக் பொய் சொல்லாதுக்கா,” என்றார் அவளிடம். அதற்குள் அடுத்து வரச் சொன்னவரிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. செல்லூரில் எங்கள் நாற்காலியை விட்டு எழாமலே பதில் சொன்னார்.

“கோச்சடைக்கு வந்துட்டேண்ணே! உங்க தெருமுனையிலதான் நிக்கிறேன்.”

அதைக் கேட்ட முதலாளி லாக்கையே சந்தேகமாகப் பார்த்தார். நல்லவேளை, அது ஆங்கிலத்தில் இருந்ததால் நம்பிவிட்டார். அவள் வேலையைக் காப்பாற்றிய அந்த மனிதரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை.