ஏழு மணித் தெலுங்கு வகுப்பு

"தெலுங்குல பாஸ் மார்க் வந்தா போதும் நைனா, நாங்க மெட்ராஸ்லதான் வேலைக்குப் போகப்போறோம்" என்று நேற்று நீங்கள் இரண்டு பேரும் சொன்னீர்கள். நான் சத்தம் போட்டுவிட்டுத் தட்டை விட்டு எழுந்து போனேன். சோற்றில் கோபத்தைக் காட்டியது தப்புதான். காரணத்தை எழுதிவைக்கிறேன்.

பிச்சாட்டூர் பக்கத்து நம் ஊரிலிருந்து புத்தூருக்குப் போய்த் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். தமிழ் வகுப்பு. ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷம் ஆகியும், எல்லையில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது முடிவாகாத நேரம். தமிழ்ப் பையன்கள் ஏழு பேருக்கென்று தெலுங்குப் பண்டிதர் காலை ஏழு மணிக்குத் தனி வகுப்பு வைத்தார். எழுத்திலிருந்து தொடங்கினார். எங்களுக்கோ சந்தையில், சண்டையில் தெலுங்கு தண்ணியாக வரும். பேசுகிற பாஷைக்கு 'அ, ஆ' எழுதச் சொன்னால் ரோஷம் வராதா?

பொங்கல் லீவு முடிந்ததும் என் பெஞ்சுக்காரன் ஓடி வந்தான்.

"டேய், நம்ம பிர்க்கா ஊருங்க முழுக்க மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போவுதாம். பேப்பர்ல வந்துக்குது."

"நீ பாத்தியா?"

"டீக்கடைல படிச்சிக்கினு இருந்தாங்கடா!"

அவ்வளவுதான், ஏழு பேரும் வகுப்பை விட்டோம். அந்த நேரத்தில் கணக்கு போடலாம் என்று பேச்சு. போட்டதென்னவோ வேலைக் கணக்கு. ஒருத்தனுக்கு ரயில்வே, ஒருத்தனுக்குத் துறைமுகம். எனக்குத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை, தலைக்கு மேலே ஃபேன். பரீட்சை நெருங்க நெருங்கப் பயத்தில் சோறு இறங்காது. அந்த ஃபேனை நினைத்துத்தான் நாலு வாய் துன்னுவேன்.

பண்டிதர் ஒருநாள் வழியில் சைக்கிளை நிறுத்தினார். "ஏமய்யா, ராஷ்ட்ரம் மாறட்டும், வேணான்னு சொல்லல. படிச்ச எழுத்து எங்கே போயிடும்? சாயங்காலமாவது வாங்க." அவர் தலை மறைந்ததும் சிரித்தோம். பெரிசாகச் சிரித்தவன் நான்.

தெலுங்கு பரீட்சையில் கிடையாது; எல்லாப் பாடத்திலும் பாஸானேன். அப்புறம் எல்லைக்கோடு வந்தது. பெஞ்சுக்காரன் ஊர் மெட்ராஸுக்குப் போனது. இரண்டு மைல் தள்ளி நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது.

"உங்க ஊரு ரெண்டு மைல் நகந்து குந்தியிருக்கக் கூடாதாடா?" என்றான் அவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தூரில் குமாஸ்தா வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி தெலுங்கில் கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே யாரோ ஒரு விவசாயி எழுதிய மனுவை என் பக்கம் தள்ளி, "சதுவு" என்றார். படி என்கிறார். வகுப்பில் 'க' வரிசை வரைக்கும்தான் வந்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்த எழுத்து நாலோ ஐந்தோ. விரலை வைத்துத் தடவினேன். நேரம் போனது.

"மாட்லாடுதாவு, சதவலேவா?" என்றார். பேசுகிறாய், படிக்கத் தெரியாதா? கிண்டலாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து, புத்தூர் பஸ் எது என்று ஒருவரைக் கேட்டேன், சுத்தமான தெலுங்கில். "போர்டு உந்தி கதா?" போர்டுதான் இருக்கிறதே என்று எனக்கு எதிரே நின்ற பஸ்ஸையே காட்டினார்.

இன்றைக்கும் கரண்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் உங்களிடம்தானே நீட்டுகிறேன்? பாஸ் மார்க் தெலுங்கில் அதை எனக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.