மறுநாள் வெள்ளையான சோடா லைம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எண்பதுகளில் திருவண்ணாமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளாக இருந்தேன். மயக்க மருந்து மெஷினைத் துடைப்பதும், அதன் கண்ணாடி டப்பாவில் சோடா லைம் நிரப்புவதும் என் பொறுப்பு. நோயாளி வெளியே விடும் மூச்சிலுள்ள கெட்ட காற்றை அந்த வெள்ளைக் குருணை பிடித்துக்கொள்ளும். மீதிக் காற்று அவருக்கே திரும்பிப் போகும். குருணை தீர்ந்துபோனால் ஊதாவாகும். அப்போது கொட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். கெட்ட காற்றை அளந்து காட்டும் கருவியெல்லாம் எங்களிடம் கிடையாது.

ஒரு நாள் கடைசி ஆபரேஷன் முடிந்தபோது குருணை ஊதாவாகியிருந்தது. காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் பார்த்தால் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஓய்வில் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி அப்படியே விட்டேன்.

அன்று அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன். அரை மணி நேரத்தில் அவர் முகம் சிவந்தது. நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது.

"ரத்தம் ஜாஸ்தியா கசியுது. தலைமாட்டுல எல்லாம் சரியா இருக்குங்களா?" என்றார் சர்ஜன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா நாடியில் விரல் வைத்திருந்தார். "நாடி குதிக்குது. மயக்கம் கம்மியா இருக்கும்போல. மருந்த ஏத்தறேன்."

நான் டப்பாவைப் பார்த்தேன். அதற்குள் ஊதா ஏறத் தொடங்கியிருந்தது. புதுக் குருணை என்றால் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

கேட்காமல் நான் அங்கே பேசியதே இல்லை. "உங்க வாய்க்குத் தையல் போட்டது எந்த டாக்டருங்க?" என்று நர்சம்மா கிண்டல் செய்வார். மாஸ்க்குக்குள் முதல் தடவை சொன்னது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"டாக்டரம்மா, லைம் மாத்தலீங்க. நேத்து ஊதாவா இருந்துச்சு. காலைல வெள்ளையாயிடுச்சுன்னு உட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. டப்பாவின் வழியை அடைத்தார், ஆக்சிஜனை முழுக்கத் திறந்தார், மூச்சு கொடுக்கும் ரப்பர் பையை வேகமாக அழுத்தினார். "புதுசு போடுங்க. நிதானமா" என்றார். புதுக் குருணையில் பாதியைத் தரையில் சிதறவிட்டுத்தான் நிரப்பினேன். கால் மணியில் முகச் சிவப்பு தணிந்தது. கசிவும் குறைந்தது.

"இத்தினி வருஷத்துல இன்னிக்குதான் வாயத் தொறந்தாரு, அதுவும் குத்தத்த ஒத்துக்கறதுக்கு" என்றார் சர்ஜன், தையல் போட்டபடியே.

பிறகு கை கழுவும்போது டாக்டரம்மா சொன்னார்: "சும்மா வெச்சிருந்தா நிறம் மட்டுந்தான் திரும்பும். வேலை செய்யாதுங்க. கெட்ட காத்து உள்ளயே சுத்தும், அதான் ரத்தம் அப்படிக் கசிஞ்சுது. நானும் பாத்திருக்கணும்."

அந்த அம்மாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். வெளியே அவர் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "நல்லபடியா ஆச்சுங்களா?" என்றார். "ஆச்சுங்க" என்றேன். டாக்டரிடம் சொன்னதை அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போகும்வரை ஒன்பது நாள் அந்த வார்டு வழியாகப் போய் வந்தேன்; சொல்லவில்லை.